ஒரே மருந்து, வேற வேற அட்டை: ஒரு ஜெர்மன் லென்ஸின் கதை

1/
"டாக்டர், இது கவர்மென்ட் மாத்திரைதானே... வேலை செய்யுமா?"

ஓ.பி.யில் உட்காரும் எந்த அரசு மருத்துவரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்வி வராத நாளே கிடையாது.

நான் எப்போதும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "உள்ளே இருக்கற மருந்து அதேதாம்மா. அட்டைதான் வேற."

ஊருக்கெல்லாம் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்த நான், அட்டையைப் பார்த்து ஏமாந்து 42,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

மாத்திரைக்கு இல்லைங்க. ஒரு பழைய கேமரா லென்ஸுக்கு.

2/
இன்றைய இழை அந்த லென்ஸின் வரலாறு பற்றி.

1932ல் ஜெர்மனியில் பிறந்த ஒரு லென்ஸ் வடிவம், ஒரு உலகப் போருக்குப் பிறகு மூன்று நாடுகளில் மூன்று பெயரில் வாழ்ந்தது. இன்று அதன் வாரிசுகளில் ஒன்றை 5,000 ரூபாய்க்கு வாங்கலாம். இன்னொன்றுக்கு லட்சம் கொடுத்தாலும் போதாது.

ஏன் இந்த வித்தியாசம்? கேமரா பற்றி எதுவும் தெரியாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

3/
முதலில் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா என்றால் என்ன?

உங்கள் ஆள்காட்டி விரலை முகத்துக்கு நேராக நீட்டுங்கள். அதையே பார்த்தபடி மெதுவாக மூக்குப் பக்கம் கொண்டுவாருங்கள். இரண்டு கண்ணும் உள்பக்கமாகத் திரும்புவது தெரிகிறதா? பொருள் எவ்வளவு கிட்டே இருக்கிறது என்று அறிய மூளைக்கு அந்தக் கோணமும் ஒரு தடயம்.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கும் அதே போல இரண்டு ஜன்னல். ஒன்றின் பிம்பம் இன்னொன்றின் மேல் விழும். லென்ஸைத் திருகத் திருக இரண்டு பிம்பமும் நெருங்கிவந்து ஒன்றாகச் சேரும். சேர்ந்துவிட்டால் ஃபோகஸ் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

4/
பிற்காலத்தில் பரவிய எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். ரேஞ்ச்ஃபைண்டரில் அது கிடையாது. அதனால் லென்ஸின் பின்பாகத்தை பிலிமுக்கு மிக அருகில் கொண்டுபோகலாம்.

இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் விலை பேசும்போது தேவைப்படும்.

5/
சரி, கதைக்கு வருவோம்.

லைட்ஸ் என்ற பெயரை மருத்துவ மாணவர்கள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருப்பார்கள். ஜெர்மனியின் வெட்ஸ்லர் ஊரில் இருந்த அந்த மைக்ரோஸ்கோப் கம்பெனியில் ஆஸ்கர் பார்னாக் என்ற பொறியாளர், சினிமா பிலிமை வைத்து எடுக்கும் சின்ன கேமரா ஒன்றை உருவாக்கினார். 1925ல் லைப்சிக் கண்காட்சியில் அது வெளியானது. லைட்ஸ் கேமரா, சுருக்கமாக லைக்கா.

உலகமே அதன் பின்னால் ஓடியது. போட்டிக் கம்பெனி சும்மா இருக்குமா? டிரெஸ்டனில் இருந்த ஜெய்ஸ் ஐகான் 1932ல் கான்டாக்ஸ் கேமராவைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு லைக்காவும் ரேஞ்ச்ஃபைண்டரை உடம்புக்குள்ளேயே வைத்து புது மாடல் விட்டது.

ஆனால் லைக்காவிடம் இல்லாத ஆயுதம் ஒன்று ஜெய்ஸிடம் இருந்தது.

6/
அந்த ஆயுதம்தான் ஸொன்னார் லென்ஸ்.

தமிழில் எழுதும்போதெல்லாம் "யார் சொன்னார், என்ன சொன்னார்" என்று வீட்டில் கிண்டல். போகட்டும்.

வடிவமைத்தவர் லுட்விக் பெர்ட்டெலே. 1900ல் பிறந்தவர். எர்னெமான் என்ற டிரெஸ்டன் கம்பெனியில் வேலை பார்த்தபோது, இருபதுகளின் தொடக்க வயதிலேயே எர்னோஸ்டார் என்ற லென்ஸைச் செய்து பெயர் வாங்கியவர். ஃபிளாஷ் போடாமல் அறைக்குள்ளேயே படம் எடுக்கவைத்த லென்ஸ் அது.

எரிக் சாலமன் என்ற புகைப்படக்காரர் அந்த லென்ஸ் பொருத்திய கேமராவோடு நீதிமன்றங்களுக்குள்ளும் அரசியல் மாநாடுகளுக்குள்ளும் போய், யாருக்கும் தெரியாமல் படம் எடுத்தார். யூதரான அவரை 1944ல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொன்றார்கள். அவர் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன.

7/
எர்னெமான் 1926ல் ஜெய்ஸ் ஐகானோடு இணைக்கப்பட, பெர்ட்டெலேவும் அங்கே வந்தார். அவர் முன்னே இருந்த பிரச்சனை இதுதான்.

நம் கண்ணின் பாப்பா இருட்டில் விரிகிறதல்லவா? லென்ஸிலும் அப்படி ஒரு துளை உண்டு. எஃப் எண் என்பது அதன் அளவு. எண் சிறிதானால் துளை பெரிது, உள்ளே வரும் வெளிச்சம் அதிகம்.

எஃப் 1.5 அளவுக்குத் துளையைப் பெரிதாக்கினால் பிம்பம் கெட்டுப்போகும். திருத்துவதற்குக் கண்ணாடித் துண்டுகளை அடுக்கிக்கொண்டே போகவேண்டும். கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் 4 முதல் 5 சதவீதம் வெளிச்சம் திருப்பி அடிக்கும். எட்டுப் பரப்பு என்றால் கால்வாசிக்கு மேல் போச்சு. திருப்பி அடித்த வெளிச்சம் உள்ளேயே அலைந்து படத்தைப் பால் ஊற்றியது போல வெளுக்கவைக்கும்.

8/
பெர்ட்டெலே என்ன செய்தார்? ஏழு கண்ணாடிகளை ஒன்றோடொன்று ஒட்டி மூன்றே கட்டுகளாக்கினார்.

மூன்று கட்டு என்றால் காற்றைத் தொடுவது ஆறே பரப்புதான். வெளிச்சம் மிச்சம், படத்தில் அடர்த்தி, எஃப் 1.5 வேகம், எல்லாம் ஒரே லென்ஸில்.

ஒட்டுவதற்கு அந்தக் காலத்தில் பயன்பட்டது கனடா பால்சம் என்ற மரப் பிசின். பெத்தாலஜி லேபில் ஸ்லைடின் மேல் கண்ணாடி ஒட்டப் பல காலம் பயன்பட்டதே, அதே பிசின்தான்!

1935ல் ஜெய்ஸின் அலெக்சாண்டர் ஸ்மகூலா, கண்ணாடியின் மேல் மெல்லிய படலம் பூசி இந்தப் பிரதிபலிப்பைக் குறைக்கும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். இன்று உங்கள் மூக்குக் கண்ணாடிக்கு "கோட்டிங் போடவா சார்?" என்று கேட்கிறார்களே, அதன் முன்னோடி அது.

9/
பிறகு போர்.

1944 ஜூனில் நேசப் படைகள் நார்மண்டியில் இறங்கியபோது ராபர்ட் காபா எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றவை. ஹிட்லரின் படைக்கு எதிரான அந்தத் தாக்குதலை அவர் படமெடுத்தது ஜெர்மானியக் கான்டாக்ஸ் கேமராவில்.

1945 பிப்ரவரியில் குண்டுவீச்சில் டிரெஸ்டன் எரிந்தது. ஏப்ரலில் ஜெய்ஸின் லென்ஸ் தொழிற்சாலை இருந்த யேனா நகரம் அமெரிக்கர்கள் கைக்கு வந்தது. ஆனால் ஒப்பந்தப்படி அந்தப் பகுதி சோவியத் யூனியனுக்குப் போகவேண்டும். அமெரிக்கர்கள் கிளம்பும்போது ஜெய்ஸின் முக்கிய விஞ்ஞானிகளையும் நிர்வாகிகளையும் கையோடு கூட்டிப்போனார்கள். மேற்கு ஜெர்மனியின் ஓபர்கோகன் என்ற சிற்றூரில் இன்னொரு ஜெய்ஸ் முளைத்தது.

10/
சோவியத் தரப்பு மீதமிருந்ததை எடுத்துக்கொண்டது. போர் இழப்பீடு என்ற கணக்கில் இயந்திரங்கள், வரைபடங்கள், உதிரி பாகங்கள், கண்ணாடி. 1946 அக்டோபரில் ஜெய்ஸ் நிபுணர்கள் பலர் குடும்பத்தோடு ரயிலேற்றி அனுப்பப்பட்டார்கள்.

கான்டாக்ஸ் கேமரா, கீவ் நகரின் அர்செனல் தொழிற்சாலையில் "கீவ்" என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. ஸொன்னார் லென்ஸ் மாஸ்கோ அருகே கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலைக்குப் போனது. ஆரம்பத்தில் ஜெர்மன் கண்ணாடியை வைத்தே செய்தார்கள். அது தீரத் தீர, சோவியத் கண்ணாடிக்கு ஏற்றபடி கணக்கைத் திருத்தினார்கள்.

பெயர் ஜூபிட்டர். எஃப் 1.5 என்றால் ஜூபிட்டர்-3. எஃப் 2 என்றால் ஜூபிட்டர்-8.

11/
அதே நேரம் ஜப்பானில்?

கடற்படைக்குத் தூரநோக்கிகள் செய்துவந்த நிப்பான் கோகாக்கு கம்பெனிக்குப் போர் முடிந்ததும் வேலை இல்லை. கேமரா பக்கம் திரும்பினார்கள். நிக்கான் பிறந்த கதை அது. அவர்களது 50 எம்.எம். எஃப் 1.5, பிறகு எஃப் 1.4, 85 எம்.எம். எஃப் 2 எல்லாமே ஸொன்னார் வம்சம்தான்.

1950ல் லைஃப் பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் இருந்தார். ஜுன் மிகி என்ற ஜப்பானியப் புகைப்படக்காரர் அந்த 85 எம்.எம். லென்ஸில் டங்கனை ஒரு படம் எடுத்துக் காட்டினார். படத்தின் துல்லியத்தைப் பார்த்து அசந்த டங்கன் நேராகத் தொழிற்சாலைக்கே போனார். சில நாட்களில் கொரியப் போர் தொடங்க, தன் லைக்கா கேமராவில் நிக்கோர் லென்ஸை மாட்டிக்கொண்டு போர்முனைக்குப் போனார்.

"ஜப்பான் சரக்கு மட்டம்" என்ற அமெரிக்க எண்ணம் உடையத் தொடங்கியது அங்கேதான்.

12/
ஜெய்ஸ் வழக்குப் போடவில்லையா?

போரில் தோற்ற ஜெர்மனியின் காப்புரிமைகளை நேச நாடுகள் பறித்துவிட்டன. ஃபார்முலா பொதுச் சொத்தாகிவிட்டது. ஆளாளுக்குச் செய்தார்கள்.

இந்த இடத்தில் மருத்துவனாக எனக்கு ஞாபகம் வருவது நம் நாட்டின் 1970 காப்புரிமைச் சட்டம். மருந்துப் பொருளுக்கே காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான் என்றது அது. நம் கம்பெனிகள் வேறு வழியில் அதே மருந்தைச் செய்தன. விலை இறங்கியது. நம் ஜெனரிக் மருந்துத் தொழில் வளர்ந்தது அப்படித்தான்.

ஜூபிட்டரும் நிக்கோரும் ஸொன்னாரின் ஜெனரிக். அவ்வளவுதான் விசயம்.

13/
இப்போது விலைக்கு வருவோம். நான் ஆன்லைனில் தொடர்ந்து கவனித்துவரும் தோராயமான விலைகள் இவை. கஸ்டம்ஸ், தபால் தனி.

ஜூபிட்டர்-8: 5,000 முதல் 8,000 ரூபாய்.

ஜூபிட்டர்-3: 15,000 முதல் 25,000.

ஜெய்ஸ் ஸொன்னார் எஃப் 1.5, கான்டாக்ஸ் மவுண்ட்: கிட்டத்தட்ட அதே 15,000 முதல் 25,000.

அதே ஸொன்னார், கம்பெனியே லைக்கா திருகு மவுண்டில் செய்த அசல்: லட்சத்தை நெருங்கும், தாண்டவும் செய்யும்.

கடைசி இரண்டையும் இன்னொரு முறை பாருங்கள். ஒரே கம்பெனி. ஒரே கண்ணாடி. மாட்டும் இடம் மட்டும் வேறு. விலை நாலைந்து மடங்கு!

14/
காரணம் 1: எதில் மாட்டலாம் என்பது.

கான்டாக்ஸ் மவுண்ட் லென்ஸை மாட்ட ஆளில்லை. லைக்கா திருகு லென்ஸையோ ஒரு சின்ன வளையம் வைத்து இன்றைய டிஜிட்டல் கேமராவில் மாட்டிவிடலாம். 2004ல் எப்சன், 2006ல் லைக்கா, 2008ல் பானசோனிக், 2013ல் சோனியின் ஏ7 என்று கேமராக்கள் வரிசையாக வந்தன. பானசோனிக், சோனி வகைகளுக்கு மிரர்லெஸ் என்றே பெயர். உள்ளே சாய்ந்த கண்ணாடி கிடையாது.

ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். பிலிமுக்கு அருகே உட்காரவேண்டிய அந்தப் பழைய லென்ஸ்கள் எஸ்.எல்.ஆர். காலத்தில் அலமாரியில் தூங்கின. கண்ணாடி போனதும் எழுந்து வந்தன. விலையும் கூடவே எழுந்தது.

15/
காரணம் 2: எத்தனை செய்தார்கள் என்பது.

நிக்கோர் எஃப் 1.5 லென்ஸை ஆயிரத்துக்கும் குறைவாகவே செய்தார்கள். 1950ல் அதைவிட வேகமான எஃப் 1.4 வந்து அதை ஓரங்கட்டியது. பின்னது ஏராளமாக விற்றது. இன்று எது விலை அதிகம்? ஓரங்கட்டப்பட்ட 1.5 தான், பல மடங்கு!

லைக்காவின் நோக்டிலக்ஸ் எஃப் 1.2 இன்னொரு உதாரணம். 1966ல் வந்தது. அதன் இரண்டு விசேஷ வளைவுகளைக் கையால் மெருகேற்றவேண்டும். 1975ல் நிறுத்தும்வரை செய்தது சுமார் 1,700 தான். இன்று ஏலத்தில் 10,000 யூரோவைத் தாண்டுவது சாதாரணம்.

நன்றாக விற்றது இன்று மலிவு. விற்காமல் போனது இன்று பொக்கிஷம்.

16/
காரணம் 3: யார் பெயர் இருக்கிறது என்பது.

2022ல் வெட்ஸ்லரில் நடந்த ஏலத்தில் 105ஆம் எண் லைக்கா மாதிரிக் கேமரா ஒன்று 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போனது. ரூபாயில் நூறு கோடிக்கு மேல். அதன் மேல் பொறித்திருந்த பெயர் ஆஸ்கர் பார்னாக். அவர் சொந்தமாகப் பயன்படுத்திய கேமரா.

பெயருக்குக் காசு இருக்கும் இடத்தில் போலி வராமல் இருக்குமா? சோவியத் கேமராவில் லைக்கா என்று பொறிப்பார்கள். ஜூபிட்டர் லென்ஸின் முன்வளையத்தை மாற்றி "கார்ல் ஜெய்ஸ் யேனா ஸொன்னார்" என்று எழுதுவார்கள். அட்டையை மாற்றி ஒட்டுவது எந்தத் தொழிலில்தான் இல்லை?

17/
இனி என் கதை.

இரண்டு வருடமாகச் சேர்த்த பணம். லைக்கா திருகு மவுண்டில் ஒரு ஸொன்னார், 42,000 ரூபாய் என்று ஒருவர் விற்றார். லட்ச ரூபாய்ப் பொருள் பாதி விலைக்கும் கீழே. அப்போதே சந்தேகம் வந்திருக்கவேண்டும். ஆசை கண்ணை மறைத்தது.

பொங்கலுக்கு ஊருக்கு எடுத்துப்போனேன். சாயங்காலம் திண்ணையில் அப்பத்தா உட்கார்ந்திருந்தார். உள்ளே எரிந்த டியூப்லைட் வெளிச்சம் மட்டும். துளையை முழுசாகத் திறந்து அவர் கண்ணில் ஃபோகஸ் வைத்தேன்.

"இந்தச் சின்ன டப்பாவா நாப்பதாயிரம்? என் கண்ணுக்குள்ள வெச்ச லென்ஸு ஓசிலதானடா வெச்சாங்க, நல்லாத்தானே தெரியுது!"

உண்மைதான். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர். அவர் சிரித்து முடிப்பதற்குள் அழுத்திவிட்டேன்.

18/
ஆடியில் அப்பத்தா போய்விட்டார். அந்தப் படம்தான் பெரிதாக்கி மாலை போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது.

கார்த்திகை மழையில் லென்ஸுக்குள் பூஞ்சை வந்துவிட, கேமரா ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டர் சார், வளையம் மட்டும்தான் ஜெர்மனி. உள்ளே பூரா ரஷ்யா. இது ஜூபிட்டர்."

சொன்னார்!

அன்று இரவு தூக்கமே வரவில்லை. காசு போன கோபம் ஒரு பக்கம். அப்பத்தாவின் கடைசிப் படத்தை ஒரு போலியால் எடுத்துவிட்டோமே என்ற கூச்சம் ஒரு பக்கம்.

19/
மறுநாள் ஓ.பி.யில் ஒரு அம்மா. சர்க்கரை 300க்கு மேல். "கவர்மென்ட் மாத்திரைல நம்பிக்கை இல்ல டாக்டர், வெளியில வாங்கிப் போட்டேன். ரெண்டு மாசமா காசில்ல, நிறுத்திட்டேன்."

வழக்கமான பதில் வாய்வரை வந்தது. சொல்ல முடியவில்லை. பெயரை நம்பிப் பணத்தைக் கொடுத்தவன்தானே நானும்? அவரை நான் என்ன என்று திட்டுவது?

"அம்மா, நானும் போன வருசம் பேரைப் பார்த்து ஏமாந்தேன்" என்று ஆரம்பித்தேன். லென்ஸ் கதை முழுவதும் கேட்டார். சிரித்தார். மாத்திரை வாங்கிப் போனார். அடுத்த மாதம் திரும்பியும் வந்தார், சர்க்கரை பாதியாக இறங்கியிருந்தது.

20/
நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜெனரிக் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புங்கள் என்று நான் சொல்லவில்லை.

ஜூபிட்டரை அசல் லைக்கா கேமராவில் மாட்டினால் கிட்டத்தில் ஃபோகஸ் தப்பும். கண்ணுக்கு வைத்தது காதுக்கோ மூக்குக்கோ போகும். கான்டாக்ஸின் தூரக் கணக்கும் லைக்காவின் தூரக் கணக்கும் கொஞ்சம் வேறு. சோவியத் தொழிற்சாலை கான்டாக்ஸ் கணக்கிலேயே செய்துவிட்டது. மிரர்லெஸ் கேமராவில் திரையைப் பார்த்தே ஃபோகஸ் செய்வதால் பிரச்சனை இல்லை.

மருந்திலும் அப்படித்தான். மூலக்கூறு ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. ரத்தத்தில் அதே அளவு சேர்கிறதா என்று சோதிக்கவேண்டும். அதற்குப் பெயர் பயோஈக்விவலன்ஸ். தரச் சோதனையைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

21/
பழைய லென்ஸ் வாங்க ஆசைப்படுபவர்களுக்குச் சில குறிப்புகள்:

🔸 பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். நாங்கள் பாப்பாவில் டார்ச் அடிப்பது போலத்தான். சிலந்தி வலை தெரிந்தால் பூஞ்சை. புகை மூட்டம் தெரிந்தால் உள்ளே எண்ணெய் படிந்திருக்கலாம். ஓரத்தில் வானவில் வளையம் தெரிந்தால் பிசின் விட்டுப்போகிறது.

🔸 ஜெய்ஸ் என்று எழுதிய லைக்கா திருகு மவுண்ட் ஸொன்னார் மலிவாக வந்தால், பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.

🔸 தோல் உறையில் பூட்டி வைக்காதீர்கள், பூஞ்சைக்கு அது விருந்து. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும்.

🔸 முதல் லென்ஸாக, ஜூபிட்டர் என்ற பெயரிலேயே விற்கும் ஜூபிட்டர்-8 வாங்குங்கள்.

🔸 கடன் வாங்கி வாங்காதீர்கள். தயவுசெய்து.

22/
42,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டீர்களா என்பீர்கள். கேட்டேன். விற்றவரின் எண் அதற்குப் பிறகு எடுக்கப்படவே இல்லை.

லென்ஸை விற்கவில்லை. பெரியவர் பூஞ்சையைத் துடைத்துக் கொடுத்தார். அந்தப் பொய் வளையத்தைக் கழற்றிவிடச் சொன்னேன். இப்போது முன்னால் பெயரே இல்லாமல் மொட்டையாக இருக்கிறது.

ஊருக்குப் போனால் சுவரில் அந்தப் படத்தைப் பார்ப்பேன். கண்ணில் வைத்த ஃபோகஸ் கண்ணிலேயே நிற்கிறது. அப்பத்தா சிரிக்கிறார், ஓசி லென்ஸ் வழியாக என்னைப் பார்த்து.

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தாவின் பழைய கேமரா ஏதாவது இருக்கும். இந்த ஞாயிறு இறக்கிப் பாருங்கள். லென்ஸில் என்ன பெயர் இருக்கிறது, டார்ச் அடித்தால் உள்ளே என்ன தெரிகிறது என்று கமெண்டில் சொல்லுங்கள்.

அப்படியே வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். போனில் எடுத்தாலும் போதும்.